பலகை கட்டிய சாவி

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பதோடு சரி. கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்த ஜலஜா இரண்டையும் அடக்கினாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு வருஷம். அடக்கின ஆத்திரம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியாது. மற்றது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டுத்தான் போயிற்று.

தொண்ணூற்றொன்றில் அவள் புருஷன் சந்தானம் வேலை பார்த்த ஹவுரா கம்பெனியின் கேட்டில் லாக்-அவுட் நோட்டீஸ் ஒட்டினார்கள். பெண் சுப்ரியாவுக்கு அப்போது ஏழு வயது. சந்தானம் தினமும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பூட்டின கேட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். மூன்று மாதம் இப்படியே போனது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணியிருந்த ஜலஜா, கீழ் வீட்டு சீதாராமன் மாமாவிடம் போய் நின்றாள். மாமா டல்ஹௌசியில் ஒரு பழைய தேயிலை புரோக்கர் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டெனோவாக இருந்து ரிடையர் ஆனவர்.

கல்கத்தாவில் மதராஸி ஸ்டெனோ என்றால் தனி மரியாதை உண்டு. ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்பான், நடுவில் அரட்டை கிடையாது, ஊர்வலம் கிடையாது, டீக்குக்கூட எழுந்து போகமாட்டான் என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்களில் தாமும் ஒருவர் என்பதில் மாமாவுக்கு அளவு கடந்த பெருமை. அவரே கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய் அவளைச் சேர்த்துவிட்டார்.

"ஜலஜா, என் பேரைக் கெடுத்துடாதே. எப்பக் கூப்பிட்டாலும் ஸீட்டுல இருக்கணும். அவ்வளவுதான் ரகசியம். ரெண்டு வருஷத்துல பர்மனென்ட் ஆக்கிடுவா."

அவருக்கென்ன, ஆண்பிள்ளை. ஹாலை ஒட்டினாற்போல் ஆண்களுக்கு ஒரு கதவு உண்டு, பூட்டே கிடையாது. போகிறவன் போவான், வருகிறவன் வருவான், யார் கணக்கெடுக்கிறார்கள்? அந்தக் கட்டடத்தைக் கட்டின வெள்ளைக்காரனுக்குப் பெண்பிள்ளைகளும் அங்கே வேலைக்கு வருவார்கள் என்று தோன்றவேயில்லை. எப்போதாவது வருகிற துரைசானிகளுக்காக வராந்தாவின் கோடியில் ஒரு அறை வைத்திருந்தான். அது எப்போதும் பூட்டியிருக்கும். அதன் சாவி தலைமை குமாஸ்தா தாரக் பாபுவின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும். ஒருமுறை தொலைந்துபோயிற்றாம். இனித் தொலையக் கூடாதென்று ஒரு தேயிலைப் பெட்டியின் பலகையை முழ நீளத்துக்கு அறுத்து, அதில் சிவப்புப் பெயின்டில் "லேடீஸ்" என்று எழுதி, அதோடு சாவியைக் கட்டிவைத்திருந்தார்கள். அதை எடுத்தால் நாற்பது மேஜைகளுக்கு நடுவே, அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அப்போது அந்த ஹாலில் ஜலஜா ஒருத்திதான் பெண்.

முதல் நாள் மத்தியானம் அவள் சாவியைக் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். தாரக் பாபுவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன? எந்தச் சாவி?" என்று உரக்கக் கேட்டார். ஆணியில் அது இல்லை. உடனே பியூனைக் கூப்பிட்டு, "லேடீஸ் சாவி எங்கேப்பா? மேடம் போகணுமாம்!" என்று வங்காளியில் ஒரு சத்தம் போட்டார். நாற்பது தலைகள் நிமிர்ந்தன. பியூன் எங்கிருந்தோ பலகையைக் கொண்டுவந்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது கோபம் வந்திருக்கும். அவள் பலகையை வாங்கிப் புடவைத் தலைப்புக்குள் மறைத்தாள், அது மறையுமா? திரும்பி வந்தபோது, பெரிய துரை டிக்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று போய்விட்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் செய்தி டாக்குரியா வந்துவிட்டது. மாடிப்படியில் ஏறும்போதே மாமா கேட்டார். "என்னம்மா, முதல் நாளே ஸீட்டுல இல்லையாமே?"

எங்கே போனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஜலஜாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. "இனிமே அப்படி நடக்காது மாமா" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், பாவி.

காப்பாற்ற அவள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபமானது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? காலையில் ஆறு மணிக்கு அரை டம்ளர் காபி, அதோடு சரி. எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் சியால்தா லோக்கல், அங்கிருந்து பஸ், ஆபீஸ், மறுபடி பஸ், ரயில் என்று வீடு திரும்ப ஏழாகும். பத்தரை மணி நேரம் அவள் நாக்கில் ஒரு சொட்டு ஜலம் படாது. மத்தியானம் மோர் சாதத்தில்கூட மோரைக் குறைத்துக் கட்டியாகப் பிசைந்து எடுத்துப் போவாள். பார்க்கிறவர்கள் ஏதாவது கேட்பார்களே என்று ஒரு பாட்டில் ஜலமும் கொண்டுபோவாள். அதைச் சாயங்காலம் கிளம்பும்போது ஜன்னலில் இருந்த மணி பிளான்ட்டுக்கு ஊற்றிவிடுவாள். அந்தக் கொடி ஜன்னல் கம்பியைச் சுற்றி, அலமாரி மேல் ஏறி, அமோகமாகத் தழைத்தது. வெளியே எங்கேயாவது போகலாம் என்றால், அந்த டல்ஹௌசி முழுக்க ஆண்கள் சுவரைப் பார்த்து நிற்பார்கள், பெண்ணுக்கு ஒரு மறைவு கிடையாது.

தொண்ணூற்று மூன்றில் பர்மனென்ட் ஆனாள். மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். ஆபீஸில் தாரக் பாபு புதுப் பையன்களுக்கு அவளைக் காட்டுவார். "ஜலஜா தேவியைப் பாருங்கள். ரெண்டு வருஷத்தில் ஒரு தடவை எழுந்திருக்கிறாளா?" ஜலஜா டைப்ரைட்டரைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சியும் அவளைக் கெடுத்தது என்பதை மறைப்பானேன்?

அந்த வருஷ வெயிலில்தான் நீர்க்கடுப்பு ஆரம்பித்தது. போகும்போது எரிந்தது, போன பிறகும் எரிந்தது. கீழே போய் சீதாராமன் மாமாவின் பெண்டாட்டி காமு மாமியிடம் ரகசியமாகச் சொன்னாள்.

"இது சூடுடி. நாள் பூரா மெஷின் முன்னாடி உக்காந்தா உடம்பு கொதிக்காதா? தொப்புள்ல விளக்கெண்ணெய் வை. ரெண்டு கால் கட்டைவிரல் நகத்துலயும் சுண்ணாம்பு தடவிக்கோ. ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேய்ச்சுண்டு, வெந்தயம் ஊறப்போட்டு மோர்ல குடி. ரெண்டு இளநீர் வாங்கிக் குடி. பறந்து போயிடும்."

முனையில் இருந்த பான் கடையில் சுண்ணாம்பு வாங்கித் தடவிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். மோர் இரண்டு சொம்பு, இளநீர் இரண்டு, பார்லிக் கஞ்சி வேறு. வீட்டில் யாருக்குக் கூச்சம்? தோன்றும்போதெல்லாம் போனாள். சாயங்காலத்துக்குள் எரிச்சல் அடங்கியே விட்டது. "பார்த்தியா, எண்ணெய் சூட்டை இழுத்துடுத்து" என்றாள் மாமி. ஜலஜாவும் நம்பினாள். எண்ணெயும் சுண்ணாம்பும் பேரைத் தட்டிக்கொண்டு போயின. குடித்த ஜலத்தையும், அது தங்காமல் வெளியே போனதையும் யாரும் நினைக்கவேயில்லை. திங்கட்கிழமை மறுபடி பாட்டில் பைக்குள் போனது, கடுப்பு புதன்கிழமை திரும்பி வந்தது.

இப்படியே வாராவாரம் நடந்தது. சந்தானத்துக்கு அது ஒரு வேடிக்கையாகப் போய்விட்டது. அவன் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் ஆரம்பித்திருந்தான், நாலு பேர் முன்னால் பேசிப்பேசிக் கேலி கற்றுக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை குணமாயிடறது, புதன்கிழமை வந்துடறது. காலண்டர் பார்த்துண்டு வர வியாதியை இப்பத்தான் பார்க்கறேன். உனக்கு உடம்புல ஒண்ணும் இல்லைடி, ஆபீஸ்தான் வியாதி!"

"ஆமா, போங்கோ. உங்களுக்கு எல்லாம் சிரிப்புதான்" என்பாள் அவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வைத்தியன் சொல்ல வேண்டியதை வாத்தியார் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். சொன்னவன் காதிலும் விழவில்லை, கேட்டவள் காதிலும் விழவில்லை.

பிறகு கடுப்போடு வலியும் சேர்ந்தது. வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகுப்புறமாக. குனிந்தாலும் நிமிர்ந்தாலும், படுத்தாலும் அதே வலி. சில நாள் மந்தமாகக் கனக்கும். சில நாள் இடுப்பைச் சுற்றி அடிவயிற்றுக்கு இறங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு டைப் அடிப்பாள். நாற்காலி சரியில்லை என்று ஆபீஸில் நாற்காலியை மாற்றினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தாரக் பாபு, "இது வயித்துல கேஸ், ஜலஜா தேவி. வங்காளத்துத் தண்ணி அப்படி" என்று தம் மேஜையிலிருந்த ஜீரணப் பொடி டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர். வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு அவள் வீட்டுக்குச் சந்தேஷ் மிட்டாய் அனுப்புவார். கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் அவனையாவது திட்டித் தீர்க்கலாம். வீட்டில் சூடு, ஆபீஸில் கேஸ். தமிழனுக்கு எல்லா வியாதியும் சூடு, வங்காளிக்கு எல்லா வியாதியும் கேஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் சிறுநீரகம் கிடந்து கதறியது, கேட்க நாதியில்லை.

ஸ்டேஷன் வாசலில் இருந்த மருந்துக் கடைக்காரர் வலி மாத்திரை கொடுத்தார். அது கேட்டது. முதலில் வாரத்துக்கு இரண்டு, பிறகு தினம் ஒன்று, பிறகு காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று. அதையும் ஜலம் இல்லாமல், வாயில் எச்சிலைக் கூட்டி விழுங்கப் பழகினாள். மாத்திரை வலியைத்தான் மறைத்தது. உள்ளே நடந்ததை அது நிறுத்தவில்லை, கூடவே தன் பங்குக்கும் அரித்தது. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூற்றாறில் அந்த ஹாலுக்கு இரண்டாவது பெண் வந்தாள். அனுராதா என்று ஜாதவ்பூரில் படித்த வங்காளிப் பெண், இருபத்து மூன்று வயது. முதல் நாள் பதினொரு மணிக்கு எழுந்தாள், தாரக் பாபுவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியை எடுத்தாள், பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பி வரும்போது யாரோ என்னவோ சொல்ல, இவளும் என்னவோ திருப்பிச் சொல்ல, ஹாலே சிரித்தது. வானம் இடிந்து விழவில்லை. மத்தியானமும் போனாள், சாயங்காலமும் போனாள். ஜலஜாவுக்குத்தான் உடம்பு கூசியது. என்ன பெண் இது, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்!

"ஜலஜா-தி, வாங்களேன், ரெண்டு பேருமாப் போகலாம்" என்று அனுராதா தினமும் கூப்பிடுவாள். வங்காளியில் "தி" என்றால் அக்கா.

"எனக்கு வேண்டாம்மா. பழக்கமில்லை."

"இதுல என்ன பழக்கம்?" என்று அந்தப் பெண் கண்ணை அகல விரிப்பாள். ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "ஜலஜா-தி, உங்க கால் நகத்துல என்ன வெள்ளையா?" என்று கேட்டாள். சுண்ணாம்பு என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. செருப்புக்குள் விரலை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அவள்கூடப் போயிருந்தால்! ஐந்து வருஷமாக ஸீட்டை விட்டு எழுந்திருக்காதவள் என்ற பெயர் இருக்கிறதே, அதை எப்படி விடுவது? நல்ல பெயரைப் போல ஒரு விலங்கு உண்டா?

இரண்டாயிரத்தில் குளிர்ஜுரம் வந்தது. பல் கிட்டிக்கொண்டு, கட்டில் ஆடும்படி நடுங்கினாள். கல்கத்தாவில் நடுக்கத்தோடு ஜுரம் என்றால் கேள்வியே இல்லை, மலேரியாதான். ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று சோதனை வந்தது. தெரியாவிட்டால் என்ன, மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். அதோடு ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருந்ததால் ஜுரம் இறங்கியது. அடுத்த வருஷமும் வந்தது, அதற்கடுத்த வருஷமும் வந்தது. மூன்று தடவை மலேரியா வந்தவள் என்று தெருவில் பேராயிற்று.

இரண்டாயிரத்து மூன்று பூஜைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஒன்றுக்கு ரத்தமாகப் போனது. சந்தானம் பயந்துபோய் ஜாதவ்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். நடுத்தர வயது, கண்டிப்பான முகம். விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றதும், அந்த அம்மாள் எழுந்து பின்னால் வந்து, ஒரு கையை அந்த இடத்தில் வைத்து, மறு கையை முஷ்டியாக்கி அதன் மேல் லேசாகக் குத்தினாள். ஜலஜா வீல் என்று கத்திவிட்டாள். இந்தப் பக்கம் குத்தினாலும் கத்தினாள், அந்தப் பக்கம் குத்தினாலும் கத்தினாள்.

"இது முதுகு இல்லை. சிறுநீரகம்" என்றாள் டாக்டரம்மா. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போவீர்கள்?"

பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காலையில ஒரு தடவை, ராத்திரி வந்து ஒரு தடவை."

"நடுவில்?"

"நடுவில ஆபீஸ்."

வங்காளி சரியாகப் புரியவில்லையோ என்று டாக்டரம்மா இந்தியில் மறுபடி கேட்டாள். ஜலஜா இந்தியிலும் அதையே சொன்னாள். அப்புறம் சாவியைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள். மணி பிளான்ட்டைக்கூடச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்தானம், பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தவன், அதையெல்லாம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான். கைப்பையிலிருந்த மாத்திரை அட்டையையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் கல். வலது பக்கம் கொம்பு வைத்த மாதிரி ஒரே கல், உள்ளே இடமே இல்லை. வலது சிறுநீரகம் செத்துவிட்டது. இடதில் கால் பாகம் மிச்சம்.

"எதனால டாக்டர்?" என்று கேட்டான் சந்தானம்.

"தண்ணீர் குடிக்காததால் கல்லா, அடக்கினதால் கிருமியா, கிருமியால் மேலும் கல்லா, தினம் இரண்டு மாத்திரையாலா என்று கேட்டால், இப்போது எதையென்று சொல்ல? ஒன்றுக்கொன்று கை கோர்த்துக்கொண்டு வந்திருக்கின்றன. அந்த மூன்று ஜுரமும் மலேரியா இல்லை. முதல் வருஷம் வந்திருந்தால், தண்ணீர் குடி, அடக்காதே என்று சொல்லி அனுப்பியிருப்பேன்."

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் சந்தானம் தலையில் அடித்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை குணமாறதுன்னு நானே சொன்னேனேடி! என் வாயாலயே சொன்னேனே! ஏன்னு ஒரு நாள் யோசிச்சேனா?" ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். ஜலஜா அவன் கையைப் பிடித்து இறக்கினாள். "அழாதீங்கோ. நாலு பேர் பார்க்கறா" என்றாள். அப்போதும் நாலு பேர்!

கல்லை எடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டாள். மிஞ்சியிருந்த கால் பாகத்தைக் காப்பாற்ற உப்பைக் குறைத்து, பருப்பைக் குறைத்து, இரண்டு வருஷம் பத்தியம் இருந்தாள். ஒரு நாள் அனுராதா பார்க்க வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழம். அதெல்லாம் சாப்பிடக் கூடாது என்று தெரியாது பாவம்.

"ஜலஜா-தி, ஒரு விஷயம் தெரியுமா? கம்ப்யூட்டருக்குன்னு மூணு பெண்கள் வந்திருக்காங்க. முதல் நாளே அந்தப் பலகையைப் பார்த்துட்டு, இது என்ன கூத்துன்னு மேனேஜர்கிட்ட நேராப் போய்க் கேட்டுட்டாங்க. ஒரே மாசம். ஹாலுக்குப் பக்கத்துலயே புதுசாக் கட்டிட்டாங்க. டைல்ஸ், கண்ணாடி எல்லாம். பலகையைக் குப்பையில போட்டாச்சு."

"என்ன கேட்டா?"

"இது என்ன கூத்துன்னுதான். வேற ஒண்ணும் கேக்கலை."

ஜலஜா வாய்விட்டு அழுதாள். ஆபரேஷனுக்கு அழாதவள், செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அழாதவள், அன்றைக்கு அழுதாள். ஒரு வாக்கியம்! வங்காளி, இந்தி, இங்கிலீஷ், தமிழ், நாலு பாஷையும் தெரிந்தவள், நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதினவள், அந்த ஒரு வாக்கியத்தைப் பன்னிரண்டு வருஷத்தில் யாரிடமும் சொல்லவில்லையே! அனுராதாவும் அழுதாள். "தினம் கூப்பிட்டேனே, தி. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும் நான்" என்றாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இரண்டாயிரத்தாறில் அந்தக் கால் பாகமும் கைவிட்டது. கையில் ரத்தக்குழாயை வெட்டி ஒட்டி, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினோடு கிடக்க வேண்டும். சிறுநீரகம் தருகிறேன் என்று சந்தானம் போய் நின்றான், அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுப்ரியா தருகிறேன் என்றபோது ஜலஜா எழுந்து உட்கார்ந்து கை எடுத்துக் கும்பிட்டாள். "அந்தப் பேச்சை எடுத்தே, மெஷினுக்குப் போறதையே நிறுத்திடுவேன்" என்றாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசவில்லை.

இதில் பகவான் பண்ணின கேலியைக் கேளுங்கள். உடம்பிலிருந்து எதுவும் வெளியே போகாததால், உள்ளேயும் போகக் கூடாது. காபி, மோர், குழம்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு மூன்று டம்ளர். பத்தரை மணி நேரம் ஜலத்தை வேண்டாம் என்று தள்ளினவளுக்கு இப்போது இருபத்து நாலு மணி நேரமும் தாகம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்தால் இங்கே கண் அங்கே போகும். இரண்டு ஐஸ் துண்டைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு மத்தியானத்தைக் கழிப்பாள். தன் வீட்டில் தனக்கென்று பாத்ரூம் திறந்தே கிடக்கிறது, தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. பழக்கத்தில் காலையில் போய் உட்காருவாள். ஒரு சொட்டு வராது.

சுப்ரியா ஸெக்டர் ஃபைவில் ஒரு கால் சென்டரில் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. பகல் ஷிஃப்ட். தினம் காலையில் ஜலஜா தன் கையாலேயே ஒரு பெரிய பாட்டில் நிறைய ஜலம் பிடித்து அவள் பைக்குள் வைப்பாள். தன்னால் குடிக்க முடியாத ஜலத்தைப் பெண் குடிக்கிறாள் என்பதில் ஒரு திருப்தி. வேறு என்ன இருக்கிறது அவளுக்கு, திருப்திப்பட?

அன்றைக்குச் சாயங்காலம் சுப்ரியா வந்து பையை நாற்காலியில் போட்டுவிட்டு, "மா, ஸ்டார் ஆஃப் த மன்த் யார் சொல்லு பார்க்கலாம்? நான்!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பூரா ஃப்ளோர்ல என் ஸீட் டைம்தான் டாப். போர்டுல பேர் போட்டிருக்கா."

"ஸீட் டைமா? அப்படின்னா?"

"எத்தனை நேரம் ஸீட்ல இருந்தேன்னு ஸிஸ்டமே எண்ணும் மா. எழுந்து போனா ஸ்க்ரீன்ல ரெட் வந்துடும், டீம் லீடர் வந்து நிப்பான். நான் எழுந்துக்கவே மாட்டேனே!"

ஜலஜா எட்டிப் பையை இழுத்துத் திறந்தாள். பாட்டில் காலையில் வைத்தபடியே கழுத்து வரை ஜலத்தோடு இருந்தது.

"இதைக் குடிக்கலையா?"

"டைம் எங்கே? குடிச்சா அப்புறம் போகணும்." சொல்லிக்கொண்டே சுப்ரியா சோபாவில் சாய்ந்து, வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்கு மேலே அமுக்கிவிட்டுக்கொண்டாள். "உஃப். அந்தச் சேர் சரியில்லை மா. ரெண்டு வாரமா இங்கே ஒரே வலி. கேஸா இருக்கும்."

அவள் கை இருந்த இடத்தை ஜலஜா பார்த்தாள். கடைசி விலாவுக்குக் கீழே, முதுகுப்புறமாக. எழுந்து போய்ப் பெண்ணின் பின்னால் நின்றாள். அந்தக் கையை விலக்கித் தன் உள்ளங்கையை அங்கே வைத்தாள். டயாலிசிஸ் கை, தழும்பும் வீக்கமுமாக இருந்தது. மறு கையை முஷ்டியாக்கி மெதுவாக ஒரு தட்டு தட்டினாள்.

"ஆ! மா, லாக்ச்சே! வலிக்கறது மா! என்ன பண்றே?"

ஜலஜாவுக்கு எல்லாமே அன்றைக்குத்தான் முடிந்துபோனது. தன் கதை தன்னோடு தொலைந்தது என்று நினைத்திருந்தாள். பாவி, பாவி என்று தன் மார்பில் அடித்துக்கொண்டாள். சுப்ரியா பயந்து எழுந்தாள். ஜலஜா அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பாட்டிலின் மூடியைத் திறந்து, குழந்தைக்குப் புகட்டுவது போல அவள் வாயில் வைத்தாள்.

"குடி."

"மா, இப்போ ஏன்..."

"பேசாதே. பூராவும் குடி."

சுப்ரியா குடித்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. ஜலஜா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் தன் வறண்ட நாக்கு தானாக அசைவதை அவளால் நிறுத்த முடியவில்லை. பாட்டில் காலியானதும் உள்ளே போய் இன்னொன்று பிடித்துக்கொண்டு வந்தாள். அதையும் குடிக்க வைத்தாள்.

"நாளைக்கு லீவு போடு. அந்த டாக்டரம்மாகிட்ட போறோம்."

"லீவா? ஸ்டார் வாங்கின அடுத்த நாளே லீவ் போட்டா என்ன சொல்லுவா மா?"

"சொல்றவா சொல்லட்டும். சொன்னா, இது என்ன கூத்துன்னு கேளு" என்றாள் ஜலஜா. "ஒரே ஒரு வார்த்தைடி. கேட்டுடு. இப்ப எழுந்து பாத்ரூம் போ. அவசரப்படாதே, நிதானமா இருந்துட்டு வா."

சுப்ரியா போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜலஜா வாசலிலேயே தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அடுத்த வீட்டில் டியூஷனை முடித்துக்கொண்டு வந்த சந்தானம், அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி ஆச்சு?" என்று பதறினான். அவள் உதட்டில் விரலை வைத்து அவனை நிறுத்தினாள்.

உள்ளே சத்தம் கேட்டது. அவள் உடம்பிலிருந்து அந்தச் சத்தம் போய் ஒரு வருஷமாகிறது. அது நிற்கும்வரை கேட்டாள்.

"எரிஞ்சுதாடி?" என்று கதவுக்கு வெளியே இருந்து கேட்டாள்.

சுப்ரியா உள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "கொஞ்சம் மா."